மழை வந்தால் திரும்பி வரும் பூனை மூத்திர வாடை: சோபாவையும் மெத்தையையும் எப்படிச் சுத்தம் செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயது ஆண் பூனை, கருத்தடை ஆகவில்லை. ஆறு மாதமாகச் சோபாவின் ஒரே மூலையில் மூத்திரம் அடிக்கிறது. ஒருமுறை இலவம்பஞ்சு மெத்தையிலும் போய்விட்டது. மூன்று தடவை சோப்புத் தண்ணீரால் துடைத்து, சென்ட் அடித்து, வெயில் காலம் முழுக்க வாடை தெரியாமல் இருந்திருக்கிறது. மழை தொடங்கியதும் பழையபடி வீச்சம். வீட்டுப் பெரியவர்கள் பினாயில் ஊற்றச் சொல்கிறார்கள், அதுவும் சரிப்படாவிட்டால் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பூனையை எங்கும் விட வேண்டாம். சோபாவை மீட்டுவிடலாம், மெத்தையையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாகப் பூனைகளும் ஒரு நாயும் வளர்கின்றன. தெருவில் அடிபட்டுக் கிடந்தவற்றைத் தேற்றும்வரை வைத்திருந்ததும் உண்டு. அதனால் துணி, பஞ்சு, மரம் என்று எல்லாவற்றிலும் இந்தக் கறையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சுத்தம் செய்யும் கதைக்குப் போகும் முன் ஒன்று. உங்கள் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வராமலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வலியில் கத்தினாலோ, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமே இல்லை.

சரி, இப்போது பினாயில். வேண்டவே வேண்டாம். பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி (என்சைம்) பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. நமக்கும் நாய்க்கும் ஓரளவு தாங்கும் பொருள் பூனைக்கு விஷமாக நிற்கும். கறுப்புப் பினாயிலில் இருப்பது அந்த வகைதான். டெட்டாலில் உள்ள குளோரோசைலினாலும் அந்தக் குடும்பமே. வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. பூனை அவற்றைக் குடிக்க வேண்டும் என்றில்லை. துடைத்த இடத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே வயிற்றுக்குள் போய்விடும். வாடைக்காக வைக்கும் அந்துருண்டை, துடைக்கும் தண்ணீரில் கலக்கும் புல் தைலம், நீலகிரித் தைலம் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். பிளீச்சிங் பவுடரில் வேறொரு ஆபத்து உண்டு. பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும், அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு கிளம்பும். மூடிய அறைக்குள் அது உங்கள் நுரையீரலையே பதம் பார்க்கும்.

மழைக்கு வாடை ஏன் திரும்புகிறது? நீங்கள் துடைத்தது மேல்பரப்பை, மூத்திரம் இறங்கியிருப்பது உள்ளே. மேலே கைப்பிடி அகலத்துக்குத் தெரியும் ஈரம் ஃபோமுக்குள் போனதும் புனலைக் கவிழ்த்தது போலப் பரவியிருக்கும். அதில் இருக்கும் யூரியாவும் உப்புகளும் வெயிலில் காய்ந்து அடங்கிக் கிடக்கும். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாக்டீரியாக்கள் மறுபடி வேலையைத் தொடங்கி யூரியாவை அமோனியாவாக்கும்.

பூனையிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது, கருத்தடை ஆகாத ஆண் பூனையிடம் ரொம்பவே அதிகம். ஃபெலினினுக்கு வாடை கிடையாது. அது மெல்ல மெல்லச் சிதையும்போது தயோல் என்ற வகைப் பொருள் பிறக்கிறது. பூனை மூத்திரம் போன உடனே இருப்பதைவிட மறுநாள் அதிகமாக நாறுவது இதனால்தான். கேஸ் சிலிண்டர் கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிறார்களே, அந்த வாடையும் தயோல்தான். துளியூண்டு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சென்ட் அடித்தால் அது போகாது, சென்ட்டும் மூத்திரமும் சேர்ந்த மூன்றாவது வாடை ஒன்று வரும்.

யூரிக் அமிலப் படிகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். மனித மூத்திரத்துக்கும் டால்மேஷன் நாய்க்கும் அது ஓரளவு பொருந்தும். பூனையும் மற்ற நாய்களும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியைத் தண்ணீரில் எளிதில் கரையும் அல்லன்டாயினாக மாற்றித்தான் வெளியேற்றுகின்றன. பூனை விஷயத்தில் நாம் துரத்த வேண்டியது அந்தத் தயோலை.

அடுத்து, இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் காய்ந்த மூத்திரம் வெளிறிய மஞ்சள் பச்சையாக மினுங்கும். துவைத்த துணியில் சோப்புத்தூளின் வெளுப்பூட்டி நீலவெள்ளையாக மின்னும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மினுங்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்று உண்டு. சோபா மூலை, ஆண் பூனை, கருத்தடை இல்லை என்றால் அது உட்கார்ந்து மூத்திரம் போகவில்லை. வாலைத் தூக்கி நடுக்கியபடி பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்து, இது என் இடம் என்று குறி வைக்கிறது. அப்படி அடித்தது செங்குத்தான துணியில் பட்டு வழிந்து கீழே இறங்கும். நீங்கள் உட்காரும் பகுதியையே துடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பழைய சோபாவிலும் இதேதான் நடந்தது. மெத்தைப் பகுதியை மூன்று முறை சுத்தம் செய்தும் வாடை போகவில்லை. கடைசியில் சோபாவைக் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த கறுப்புத் துணியை நீக்கிப் பார்த்தால், பாலிஷ் போடாத அடிச்சட்டம் முழுக்க ஊறிக் கறுத்திருந்தது. அதனால் சோபாவைக் கவிழ்த்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அடிச்சட்டத்தில் கறை இருந்தால் பாதித் தண்ணீர் பாதி வெள்ளை வினிகர் கலந்து இரண்டு மூன்று முறை துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிட்டு, பிறகு மரத்துக்குப் பூசும் வுட் சீலரோ வார்னிஷோ ஒரு கோட் அடித்துவிடுங்கள். மரம் நன்றாகக் காயாமல் அடித்தால் வாடையை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஜிப் வைத்த உறை என்றால் பாதி வேலை குறைந்தது. உறையைக் கழற்றி முதலில் பச்சைத் தண்ணீரில் மட்டும் நன்றாக அலசுங்கள். வெந்நீர் கூடாது, சூட்டில் மூத்திரத்தில் இருக்கும் புரதம் நூலோடு பிடித்துக்கொள்ளும். ஸ்டீம் கிளீனிங்கும் இஸ்திரிப் பெட்டியும் அதனால்தான் கூடாது. அலசிய பிறகு, நொதி கலந்த சோப்புத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். துணி காய்ந்ததும் மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். வாடை மிச்சமிருந்தால் இன்னொரு தடவை ஊறவைக்க வேண்டியதுதான்.

உள்ளே இருக்கும் ஃபோமை மொட்டை மாடிக்கோ குளியலறைக்கோ எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்துப் பிழியுங்கள். மஞ்சள் நிறம் வருவது நிற்கும்வரை, பத்துப் பதினைந்து தடவை ஆனாலும் பரவாயில்லை. எந்த மருந்து போட்டாலும் இந்த மிதித்துப் பிழிதல்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. பலர் இதைச் செய்யாமல் நேரே மருந்துக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்குப் பிறகு போட வேண்டிய மருந்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். 1993இல் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சிய நாற்றத்தை நாயின் மேலிருந்து போக்க ஒரு கலவையை வெளியிட்டார். ஸ்கங்க்கின் நாற்றமும் தயோல்தான், அதனால் பூனை மூத்திரத்துக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன், இவ்வளவுதான். பெராக்சைடு தயோலுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து அதை நாற்றமில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. சோடா அதற்குத் துணை நிற்கிறது. சோப்பு உள்ளே இறங்க வழி செய்கிறது.

நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 வால்யூம் என்று போட்ட பெராக்சைடு, அது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலந்து உடனே பயன்படுத்துங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும், கீழே ஊற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபோமில் நன்றாக நனைய ஊற்றி அரை மணி நேரம் விட்டு, அலசிப் பிழிந்துவிடுங்கள். பெராக்சைடு சாயத்தை வெளுக்கும், அதனால் துணியில் போடும் முன் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், கண்ணையும் தோலையும் அரிக்கும் அமிலம் உருவாகும். ஒன்றைப் போட்டு அலசிய பிறகுதான் மற்றது. ஈரம் காயும்வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

ஃபோமைக் கடும் வெயிலில் நாள் முழுக்கப் போட வேண்டாம், மஞ்சளாகிப் பொடிந்துபோகும். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்து, அவ்வப்போது திருப்பிவிடுங்கள். முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். நடுவே ஈரம் நின்றால் பூஞ்சை வரும், அப்புறம் அந்த வாடையோடு போராட வேண்டியிருக்கும். அடைமழை நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டு நாள் வெயில் வரும் என்று தெரிந்தால் மட்டும் இறங்குங்கள்.

துணியைச் சட்டத்தோடு அடித்து மூடிய சோபா என்றால் ஃபோமை வெளியே எடுக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சும் ஊசியும் வாங்கி, செல்லப் பிராணிக் கடையில் கிடைக்கும் நொதித் திரவத்தை ஏற்றி, சாக்பீஸ் கோட்டுக்குள் இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஊசி வீதம் ஆழமாகச் செலுத்துங்கள். மூத்திரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் மருந்தும் போக வேண்டும். மேலே தெளித்துவிட்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். ஈரத்துணியைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து ஒரு நாள் அப்படியே விடுங்கள், நொதிக்கு ஈரம் இருக்கும்வரைதான் வேலை. மறுநாள் பழைய துண்டுகளை மடித்து வைத்து, மேலே ஏறி நின்று ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே கிருமிநாசினி தெளித்த இடம் என்றால் முதலில் வெறும் தண்ணீரால் அதைப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் நொதியும் அதோடு வரும் நல்ல பாக்டீரியாவும் வேலை செய்யாது. சோபா கிளீனிங் ஆள்களைக் கூப்பிட்டாலும் ஈரம் உறிஞ்சும் மெஷினை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆவியும் வேண்டாம், வாசனை ஷாம்பூவும் வேண்டாம்.

வீட்டில் எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் ஊறவைத்துச் செய்யும் பயோ என்சைமைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தரை துடைக்க அது நல்ல பொருள், நானும் முன்பு செய்திருக்கிறேன். அதன் வேலையில் பெரும்பகுதி புளிப்பால் நடப்பது. சிட்ரஸ் தோலின் எண்ணெய் பூனைக்கு ஆகாது என்பதால் பூனை இருக்கும் வீட்டில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சமையல் சோடாவை மட்டும் தூவி வைப்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசி வாடையை இழுக்க ஒரு ராத்திரி தூவி வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது மெத்தை. இலவம்பஞ்சு மற்றப் பஞ்சு போல இல்லை. அதன் இழை உள்ளே வெற்றிடமானது, மேலே மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் இழைக்குள் போகாது. ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டையில் இதைத்தான் அடைத்தார்கள். அதனால் மூத்திரம் இழைகளுக்கு நடுவிலும் மேலுறைத் துணியிலும்தான் தங்கியிருக்கும். இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, மெத்தையை முழுதாக நனைத்தால் பஞ்சு கட்டிதட்டிப் போகும், உள்ளே காயவும் காயாது. ஆகவே தண்ணீரே ஊற்றாதீர்கள். கறை இருக்கும் பக்கத்துத் தையலைப் பிரித்து, மஞ்சளாகிக் கட்டிய பஞ்சைக் கையால் அள்ளி எறிந்துவிடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி அதிகம் பறக்கும். மிச்சத்தைப் பழைய புடவையில் பரப்பி, மேலே இன்னொரு புடவை போர்த்தி, இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். மேலுறையைச் சோபா உறை போலவே துவைத்துக்கொள்ளலாம், ரொம்பப் பழசு என்றால் புதிதாகத் தைத்துவிடலாம். மெத்தை தைப்பவர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுங்கள், பஞ்சைப் பிரித்து அடித்து, குறைந்ததைச் சேர்த்து, ஒரே நாளில் தைத்துக் கொடுத்துவிடுவார். ஃபோம் மெத்தையாக இருந்திருந்தால் இத்தனை நம்பிக்கையோடு சொல்லியிருக்க மாட்டேன்.

மற்றப் பொருள்களைப் பற்றியும் கொஞ்சம். தேக்குக் கட்டிலில் பட்டால் ஈரத்துணியால் உடனே துடைத்துக் காயவிடுங்கள். பழைய பாலிஷ் அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரையும், சோடா பட்டால் வெளுக்கும். கோரைப்பாயை வினிகர் தண்ணீரால் துடைத்து உடனே காற்றில் தொங்கவிட வேண்டும், ஊறிப்போயிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. தரை மார்பிளோ கடப்பாக் கல்லோ என்றால் வினிகர் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சுண்ணாம்பு வகைக் கல், பளபளப்பு போய்விடும்.

பட்டுப் புடவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பட்டும் கம்பளியும் புரதம். புரதத்தைத் தின்னும் நொதி கலந்த சோப்பு மூத்திரத்தோடு புடவையையும் சேர்த்தே தின்னும். ஒற்றி எடுத்து, அந்த இடத்தை மட்டும் பச்சைத் தண்ணீரால் நனைத்து ஒற்றி, அன்றைக்கே டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது பூனை மூத்திரம் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், கறை என்னவென்று தெரிந்தால்தான் அவர் சரியான முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். வெள்ளிச் சரிகை கறுத்திருந்தால் அதைத் தேய்க்க வேண்டாம். நாள்பட்ட கறையில் வாடை போன பிறகும் ஒரு வெளிறல் நிற்கலாம். அந்த இடத்தில் சாயமே போயிருக்கும், எத்தனை தேய்த்தாலும் நிறம் திரும்பாது.

இனிமேல் கண்முன்னே நடந்தால் முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியம். தேய்க்காமல், தடித்த துண்டை வைத்து அழுத்தி ஒற்றுங்கள். துண்டு நனையாமல் வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். புதிதில் இதைச் செய்துவிட்டால் மேலே சொன்ன மற்ற எதுவுமே தேவைப்படாமல் போகலாம். அந்த நேரத்தில் பூனையை அடிப்பதும் மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். அதற்குப் புரிவது உங்கள் கோபம் மட்டும்தான். பயந்த பூனை இன்னும் மறைவான இடமாகப் பார்த்துப் போகும், அதை நீங்கள் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

இத்தனை செய்த பிறகும் பூனை மறுபடி அடித்தால் உழைப்பு வீண். அதனால் சோபாவைக் கவிழ்க்கும் அதே வாரத்தில் கருத்தடைக்கு நாள் வாங்கிவிடுங்கள். கருத்தடை ஆன ஆண் பூனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது இப்படிப் பீய்ச்சுவதை விட்டுவிடும். உடனே நிற்காது, சில வாரம் ஆகலாம். மூத்திரத்தின் வீச்சமும் குறையும். மருத்துவரிடம் போகும்போதே மூத்திரப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் மணல் தட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால் சத்தத்துக்குப் பயந்து போகாது. ஜன்னல் வழியே வெளிப் பூனை ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள், அதைக் கண்டுதான் பல பூனைகள் குறி வைக்கத் தொடங்குகின்றன. அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டால் போதும்.

சோபா நன்றாகக் காய்ந்து, டார்ச் அடித்துப் பார்த்து மினுக்கம் இல்லை என்றான பிறகு, அந்த மூலையில் பூனையின் சாப்பாட்டுத் தட்டை இரண்டு மூன்று வாரம் வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாக மூத்திரம் போகாது.